ஊசிக்குப் பயப்படாத பசங்க தடுப்பூசிக்கு ஏன் வர்றதில்ல

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

வலி மாத்திரை வித்தவங்க கைதுனு உங்க பேப்பர்ல அடிக்கடி செய்தி வருது, நானும் விடாம படிக்கிறேன். ஆனா அந்த மாத்திரைய வாங்கி தண்ணியில கரைச்சு நரம்புல ஏத்திக்குற பசங்க அதுக்கப்புறம் என்ன ஆகுறாங்கனு யாரும் எழுதுறதில்ல, அதனாலதான் இந்த லெட்டர். வடசென்னையில ஒன்பது வருஷமா களப்பணியாளரா இருக்கேன், பசங்க கிட்ட பழைய சிரிஞ்ச வாங்கிட்டு புதுசு குடுக்குறதுதான் என் வேலை.

ஊசி வழியா பரவுற பெரிய வியாதி மூணு. எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி. இதுல பி-க்கு மட்டும்தான் தடுப்பூசி இருக்கு. சி வந்தா கூட இப்ப பெரும்பாலும் மூணு மாசம் மாத்திரையில குணமாக்கிடுறாங்க, 2018-ல இருந்து அரசு இலவசமாவே குடுக்குது. பி அப்படியில்ல, உடம்புல தங்கிடுச்சுனா முழுசா விரட்ட மருந்து இல்ல, தேவைப்படுறவங்க வருஷக்கணக்குல மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே இருக்கணும், கவனிக்காம விட்டா ஈரல் சுருங்கும், கேன்சர் கூட வரும். அந்தக் கிருமி உடம்புக்கு வெளியவும் 7 நாள் வரைக்கும் உயிரோட இருக்கும். நான் ஆளுக்கொரு புது சிரிஞ்ச் குடுத்தாலும் ஒரே பாட்டில் மூடியில கரைச்சத நாலு பேர் இழுத்தா என்ன பண்றது சொல்லுங்க. முப்பது வயசு தாண்டின பசங்க யாரும் பெரும்பாலும் குழந்தையில இந்த ஊசி போட்டிருக்க மாட்டாங்க, ஏன்னா நாடு முழுக்க குழந்தைங்களுக்கு இத சேத்ததே 2011-லதான்.

சரி போட்டுக்கோங்கப்பானு கூப்டா வர்றதில்ல. தினமும் ரெண்டு மூணு தடவ ஊசி போடுறவனுக்கு இதுல என்ன பயம்னு வெளிய இருக்கறவங்க கேக்குறாங்க, நானும் ஆரம்பத்துல அப்படித்தான் கேட்டேன். பசங்க சொல்ற காரணத்த உக்காந்து கேட்டாதான் புரியும். "மாத்திரை ஏத்துன உடம்புல இதப் போட்டா ரெண்டும் மோதி ஆளு காலிணா"னு ஒருத்தன் சொல்வான், அது உண்மையில்ல, ஓஎஸ்டி மாத்திரை, அதாவது போதை ஊசிக்கு பதிலா சென்டர்ல வச்சு குடுக்குற மாற்று மாத்திரை, சாப்பிடுறவங்களும் தாராளமா போட்டுக்கலாம். இன்னொருத்தன் போட்ட அன்னைக்கு ராத்திரி லேசா காய்ச்சல் உடம்பு வலினு வந்ததும் மருந்து கெடைக்காத நாள்ல வர்ற வலினு நெனச்சு பயந்துட்டான், ரெட்டிப்பா ஏத்திக்கிட்டான், இத முன்னாடியே சொல்லி அனுப்பியிருந்தா அவன் அப்படி பண்ணியிருக்க மாட்டான்னு எனக்கு இன்னைக்கும் உறுத்துது. காமாலை வந்தா கீழாநெல்லி அரைச்சு குடிச்சா போச்சுன்றவங்களும் நெறைய.

ஆனா இதையெல்லாம் விட பெரிய காரணம் ஒண்ணு இருக்கு. போன வருஷம் ஒரு பையன ரொம்ப கெஞ்சி ஒரு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனேன். சித்திரை வெயில்ல முழுக்கை சட்ட போட்டு வந்தான், பொதுவா அவங்க எல்லாருமே அப்படித்தான். முதல் ஊசி நல்லபடியா முடிஞ்சுது. ஒரு மாசம் கழிச்சு ரெண்டாவதுக்கு போனப்ப ஊசி போட வேற ஒரு அம்மா இருந்தாங்க, சட்டைய மடிச்சதும் முழங்கைக்கு கீழ இருந்த தழும்பப் பாத்துட்டு "நான் எங்கடா குத்துறது, நீயே எல்லா எடத்துலயும் குத்தி வச்சிருக்க"னு சத்தமா சொல்லிட்டாங்க. லைன்ல குழந்தையோட நின்ன பொம்பளைங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. அவன் ஒண்ணுமே பேசல, மடிச்ச கைய இறக்கிவிட்டு பட்டன் போட்டுக்கிட்டு வெளிய போய்ட்டான். அந்த ஊசி தோள்பட்ட சதையில போடுறது சார், கீழ இருந்த தழும்புக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அன்னைக்கு சாயங்காலம் இந்தக் கதை எங்க ஏரியா பசங்க அத்தன பேருக்கும் தெரிஞ்சிருச்சு, அதுக்கப்புறம் நான் கூப்ட எவனும் வரல.

கொரோனா சமயத்துல இதே ஊர்ல எல்லாருக்கும் பயம் இருந்துச்சு, மறந்துடக்கூடாது. 2021 ஏப்ரல்ல நடிகர் விவேக் ஊசி போட்ட ரெண்டாம் நாள் இறந்ததும் எத்தன பேர் பின்வாங்குனாங்க, அதுக்கும் ஊசிக்கும் சம்பந்தம் இல்லனு மத்தியக் குழு சொன்னதே பல மாசம் கழிச்சுதான். கறி சாப்பிட்டா, சரக்கடிச்சா ஊசி போடக்கூடாதுனு ஒரு நம்பிக்க பரவி ஞாயித்துக்கிழம மெகா முகாமுக்கு ஆளுங்க வரத் தயங்குனப்ப அமைச்சர் மா. சுப்பிரமணியன் ஜனங்கள திட்டல, அந்த அக்டோபர்ல முகாமையே சனிக்கிழமைக்கு மாத்துனாங்க. ஜனங்களோட பயத்துக்காக கிழமையவே மாத்துன அரசாங்கம் இந்தப் பசங்களுக்காக ஊசி போடுற எடத்த மாத்தக் கூடாதா?

நான் புதுசா எதுவும் கேக்கல. உலக சுகாதார நிறுவனம் 2012-லயே ஊசி வழியா போதை எடுக்குறவங்களுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசிய வேகமான கணக்குல போடச் சொல்லிடுச்சு. வழக்கமான முறையில ஆறு மாசம் இழுக்கும், அதுக்குள்ள ஒருத்தன் ஜெயிலுக்கு போயிருப்பான், ஒருத்தன் வேற ஊருக்கு போயிருப்பான். வேகமான முறையில முதல் நாள், 7-ம் நாள், 21-ம் நாள் போட்டுட்டு ஒரு வருஷம் கழிச்சு ஒண்ணு. நடுவுல விட்டுப் போனா கூட திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியதில்ல, விட்ட எடத்துல இருந்து போடலாம். ஆதார் கேட்டு திருப்பி அனுப்பாம இருந்தா இன்னும் நல்லது, பாதி பேர் கிட்ட அது இல்ல.

பட்டன் போட்டுக்கிட்டு போன அந்தப் பையன் இப்ப தினமும் காலையில ஓஎஸ்டி சென்டருக்கு வர்றான். நாக்குக்கு அடியில வச்ச மாத்திரை கரையுற வரைக்கும் வாயத் தொறக்காம நர்ஸ் முன்னாடி சேர்ல உக்காந்திருப்பான், அஞ்சு பத்து நிமிஷம் ஆகும். அந்த நர்ஸம்மாவுக்கு அவன் பேரு தெரியும், அவன் அம்மாவத் தெரியும், தழும்பும் தெரியும். அதே சேர்ல வச்சு அவனோட ரெண்டாவது ஊசியப் போட்டுடலாம். அங்க ஃப்ரிட்ஜ் கூட இருக்கு, தடுப்பூசிதான் இல்ல.

இப்படிக்கு,
ஒரு களப்பணியாளர், வடசென்னை