புகார்: நீங்கள் விற்ற 'ஆரம்பநிலை ஆப்பிரிக்க சிக்லிட் முழுத்தொகுப்பு' குறித்து

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: மீன்கள் இறந்தது, தவறான ஆலோசனை தந்தது, முழுத் தொகையையும் திரும்பக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் கஸ்டமர் கேருக்குப் போன் செய்து ஓய்ந்து, மின்னஞ்சல் அனுப்பி ஓய்ந்து, செயலியில் புகார் பதிந்தும் ஓய்ந்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். கூப்பிடும்போதெல்லாம் ஒரு புதிய புகார் எண் தருகிறீர்கள். பதில்தான் வருவதில்லை. போன வாரம் பார்த்தால் பழைய புகார்கள் எல்லாவற்றையும் "தீர்க்கப்பட்டது" என்று நீங்களே மூடியிருக்கிறீர்கள். என்ன தீர்ந்தது, யார் தீர்த்தார்கள் என்று ஒருவராவது சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நான் வாங்கியது உங்கள் முழுத்தொகுப்பு. இரண்டடிக் கண்ணாடித் தொட்டி, உள்ளே மாட்டும் ஃபில்டர், ஹீட்டர், ஒரு மூட்டை மணல், பெரிய மரவேர் ஒன்று, ஒரு கட்டு பாதாம் இலை, 'உடனடி பாக்டீரியா' புட்டி, காய்ந்த பிளட் வார்ம் (சிவப்புப் புழுத் தீவனம்) டப்பா, அத்தோடு சிக்லிட் குடும்பத்து நன்னீர் மீன்கள் பதினைந்து. பெட்டியின் மேலே "முதன்முறை வளர்ப்பவர்களுக்காக நிபுணர்கள் தேர்ந்தெடுத்தது" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். நம்பி வாங்கினேன். ஒரு பொருளை விற்கிறவருக்கு அந்தப் பொருளைப் பற்றித் தெரிந்திருக்கும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

தெரிந்துதான் இருக்கிறது என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம். உங்கள் கையேட்டின் கடைசிப் பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில், "ம்புனா வகைகளுக்குக் குறைந்தது நான்கடித் தொட்டி பரிந்துரைக்கப்படுகிறது" என்று நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள். ம்புனா என்பது நீங்கள் விற்ற இந்தப் பாறைவாழ் சிக்லிட் மீன்கள்தான். நான்கடித் தொட்டி என்றால் 200 லிட்டருக்கு மேல். நீங்கள் தந்த இரண்டடித் தொட்டியில் விளிம்புவரை ஊற்றினாலும் 60 லிட்டரைத் தாண்டாது. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. இதைத் தவறு என்று சொல்வதா, ஏமாற்று என்று சொல்வதா?

மரவேரையும் பாதாம் இலையையும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மீன்கள் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் பாறை இடுக்குகளில் வாழ்பவை. அந்த ஏரித் தண்ணீர் கடினநீர், காரத்தன்மை உள்ளது; அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு ஏறக்குறைய 7.7 முதல் 8.6 வரை. மரவேரும் பாதாம் இலையும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் கசிந்து தண்ணீரைத் தேநீர் நிறமாக்கி, பிஹெச்சைக் கீழே இழுக்கும். இந்த மீன்களுக்குத் தேவை குகை குகையாக அடுக்கிய கல்லும், பொடித்த பவளமோ சுண்ணாம்புக் கல்லோ கலந்த அடித்தளமும். அதில் ஒன்றுகூடப் பெட்டியில் இல்லை. கடைசியில் நானேதான் பொடித்த பவளம் வாங்கிப் போட்டு, இலையையும் வேரையும் தூக்கி எறிந்தேன். அந்தச் செலவின் ரசீதும் இணைப்பில் இருக்கிறது.

ஆனால் இவ்வளவு தூரம் என்னை எழுத வைத்தவர் உங்கள் கஸ்டமர் கேர் ஊழியர் ஒருவர். பெயரைச் சொல்லவில்லை. கேட்டபோது அவரும் சொல்லவில்லை. "இந்த அழைப்பு தரக் கட்டுப்பாட்டுக்காகப் பதிவு செய்யப்படுகிறது" என்று ஒவ்வொரு முறையும் ஒரு குரல் சொல்கிறதே, தயவுசெய்து அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள். பொன்மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட ஆரட்டஸ் மீன்களில் ஒன்று சில வாரங்களில் கறுக்க ஆரம்பித்தது. நோயோ என்று பயந்து கூப்பிட்டேன். படம் அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். "கறுப்பா மாறினா ஃபங்கஸ்தான் சார். நம்ம மருந்தே இருக்கு, அனுப்பிடட்டுமா?" என்று அந்த அழைப்பிலேயே மெத்திலீன் புளூ என்ற நீல மருந்து ஒரு புட்டியை என் தலையில் கட்டிவிட்டார்.

ஆரட்டஸ் ஆண் மீன் வளர்ந்து ஆதிக்கத்துக்கு வரும்போது நிறம் அப்படியே தலைகீழாக மாறும். உடம்பு கறுத்து, கோடு வெளிறும். நோய் ஒன்றுமில்லை, அதன் இயல்பே அது. சிக்லிட் விற்கிற நிறுவனத்துக்கு இது அரிச்சுவடி. நீங்கள் அனுப்பிய மருந்தோ, ஃபில்டரில் குடியேறிக்கொண்டிருந்த நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கெடுத்தது. இன்றைக்கும் வந்து பாருங்கள், தொட்டியின் நான்கு மூலையிலும் கண்ணாடியை ஒட்டியிருக்கும் சிலிக்கான் பசை முழுக்க நீலம். பிளேடால் சுரண்டினாலும் போகவில்லை.

மீன்கள் ஒவ்வொன்றாகச் சாக ஆரம்பித்ததும் மறுபடியும் அவரே போனில் கிடைத்தார். என் அதிர்ஷ்டம். "மீன்னா சாகத்தான் சார் செய்யும், செத்ததுக்கெல்லாம் வாரண்டி கேட்டா எப்படி?" என்றார். மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் விஷமான அம்மோனியாவின் அளவைப் பற்றிக் கேட்டதற்கு, "நீங்க என்ன மீன் டாக்டரா?" என்று சிரித்தார். நான் மீன் டாக்டர் இல்லை. அதனால்தானே உங்களுக்குப் போன் செய்தேன்!

மன்னிக்கவும், கோபத்தில் வரிசை தப்பிவிட்டது. முதலில் செத்தது ஏஞ்சல் மீன். 'அன்பளிப்பு' என்று சொல்லி அதை நீங்களே தொகுப்பில் சேர்த்திருந்தீர்கள். ஏஞ்சலும் சிக்லிட்தான், மறுக்கவில்லை. ஆனால் அது அமேசான் படுகையைச் சேர்ந்தது. மென்மையான, லேசான அமிலத் தண்ணீரில் நிதானமாக நீந்துகிற மீன். அதைக் கொண்டுபோய் ஆரட்டஸோடு போடச் சொல்லும் அந்த நிபுணர் யார், எனக்குக் காட்டுங்கள். நீண்டு தொங்கும் அதன் துடுப்புகளை அவை நுனியிலிருந்து கொறித்துக்கொண்டே வந்தன. கடைசியில் ஹீட்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒடுங்கி, குச்சி குச்சியாக நின்ற துடுப்போடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஆரட்டஸ் மீன்களோடு வந்த அட்டையில் நீங்கள் எழுதியிருப்பது: "சாந்தமான வகை, எல்லா மீனோடும் ஒத்துப்போகும்." மலாவி வகைகளிலேயே மூர்க்கமானவற்றில் ஒன்று அது!

அடுத்து, "தண்ணீர் ஊற்றிய அன்றே மீன் விடலாம்" என்ற உங்கள் வாக்கு. உங்கள் 'உடனடி பாக்டீரியா'வைச் சொன்ன அளவில், சொன்னபடியே ஊற்றினேன். புட்டியில் தயாரித்த தேதியும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. தொட்டி பதப்பட, அதாவது அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெருக, சாதாரணமாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். இந்த மீன்களுக்கு அது இன்னும் முக்கியம். பிஹெச் ஏற ஏற அம்மோனியாவின் விஷப் பங்கும் ஏறும். 7-ல் இருப்பதைப் போல ஏறக்குறைய 10 மடங்கு 8-ல் இருக்கும். மற்ற மீன்கள் தாக்குப்பிடிக்கிற அளவே மலாவி சிக்லிட் தொட்டியில் கொல்லும். இதை உங்கள் கையேட்டில் தேடிப் பார்த்தேன். அம்மோனியா என்ற சொல்லே இல்லை. பரிசோதனைக் கிட்டும் பெட்டியில் இல்லை.

உங்கள் சர்வீஸ் சென்டருக்கு வந்த கதைக்கு வருகிறேன். "தண்ணீர் சாம்பிளும் ஃபில்டரும் கொண்டு வாங்க, டெஸ்ட் செய்து தருவோம்" என்று குறுஞ்செய்தி அனுப்பியது நீங்கள். வேலைக்கு விடுப்புப் போட்டு, தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த ஃபில்டரைக் கழற்றி, வாளியில் தொட்டித் தண்ணீரோடு சுமந்து வந்தேன். வெகுநேரம் உட்காரவைத்துவிட்டு ஓர் இளைஞர் வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ஃபில்டரைப் பிரித்து, உள்ளே இருந்த ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிடித்துப் பிழிந்து பிழிந்து அலசினார். பழுப்பாக ஓடிய தண்ணீர் தெளிந்ததும், "பளிச்சுனு ஆயிடுச்சு பாருங்க சார்" என்றார். அந்தப் பழுப்பில்தான் என் தொட்டியின் உயிரே இருந்தது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் அதை அங்கேயே கொன்றது. தொட்டித் தண்ணீரில் லேசாக அலசினால் போதும் என்பதை உங்கள் சர்வீஸ் சென்டருக்கு நான் சொல்லித்தர வேண்டுமா?

சரி, தண்ணீரையாவது பாருங்கள் என்று புட்டியை நீட்டினேன். "இங்க எலக்ட்ரிக்கல் ஐட்டம் மட்டும்தான் சார், தண்ணி டெஸ்ட் மீன் பிரிவுல." அந்தப் பிரிவு எங்கே? ஊரின் மறுகோடியில். போனால், "இப்பெல்லாம் டெஸ்ட் பண்றதில்லையே, யார் சொன்னாங்க?" யார் சொன்னார்களா? நீங்கள்தான்! அந்தக் குறுஞ்செய்தியை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். அன்று இரவு ஃபில்டரை மாட்டினேன். விடிந்தபோது தொகுப்பில் வந்த டெமசோனி என்ற வகை மீன்கள் இரண்டு மேலே மிதந்தன. நானே கிட் வாங்கிச் சோதித்தேன். அம்மோனியா எகிறியிருந்தது.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ம்புனாக்கள் பெரும்பாலும் பாறையில் படியும் பாசியைச் சுரண்டித் தின்பவை, குடல் நீளம். அவற்றுக்கு ஸ்பைருலினா என்ற பாசி கலந்த தீவனம் பொருந்தும். நீங்கள் தந்ததோ பிளட் வார்ம், அதுவும் "தினமும் மூன்று வேளை" என்ற குறிப்போடு. அதன்படியே போட்டேன். ஒரு மீன் தீவனத்தை வாயில் வாங்கி வாங்கித் துப்பியது, பிறகு வெள்ளை நூல் போல மலம் தொங்கியது, பிறகு வயிறு ஊதியது. இந்த வளர்ப்பில் இருப்பவர்கள் பார்த்ததும் சொல்கிறார்கள், மலாவி புளோட் என்ற வயிறு ஊதும் நோய் என்று. உங்கள் ஆட்களுக்கு அந்தப் பெயரே புதிது.

இதற்கு நடுவில் எல்லோ லேப் என்ற மஞ்சள் ம்புனா ஒன்று சாப்பிடாமல் தாடை உப்பி ஒரு மூலையில் நின்றது. பெண் மீன், வாயில் முட்டை வைத்திருந்தது. சுமார் மூன்று வாரம் அப்படித்தான் பட்டினி கிடந்து அடைகாக்கும். நல்லவேளை, அப்போது உங்களுக்குப் போன் செய்யவில்லை. செய்திருந்தால் அதற்கும் ஒரு மருந்து வந்திருக்கும்.

இழப்பு என்ன என்று உங்கள் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எதை எழுத? தொகுப்பின் விலை, மருந்து, கிட், பவளம், போக்குவரத்து, விடுப்பு. இவற்றுக்கு மேல் என் தூக்கம், நிம்மதி, வீட்டில் என் சொல்லுக்கு இருந்த மரியாதை, எல்லாம் போனது. இனி என் ஆயுளில் மீன் வளர்ப்பு என்ற பேச்சையே எடுக்க முடியாதபடி செய்துவிட்டீர்கள். எந்தத் தொகையும் இதை ஈடுகட்டாது. இருந்தாலும் தொகையைத்தான் கேட்கிறேன்.

உங்கள் நிறுவனத்தில் நல்லவர்களும் இருப்பார்கள்; இந்தக் கடிதம் அப்படி ஒருவர் கையில் போய்ச் சேரும் என்று இன்னும் நம்புகிறேன். தொகுப்பின் முழு விலையையும் நீங்கள் விற்ற மருந்தின் விலையையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கூப்பனோ அடுத்த கொள்முதலில் தள்ளுபடியோ வேண்டாம். அந்த ஊழியர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இரண்டடித் தொட்டியோடு ஆரட்டஸ் விற்பதை இன்றோடு நிறுத்துங்கள். விற்றே தீர வேண்டுமானால் பெட்டியில் 'ஆரம்பநிலை' என்று போடாதீர்கள்.

இதற்கும் புதிதாக ஒரு புகார் எண் மட்டும் வந்தால், நுகர்வோர் மன்றத்துக்குப் போவேன். ரசீது, குறுஞ்செய்தி, மீன்களின் படங்கள், கையேட்டின் முன்பக்கம், கடைசிப் பக்கம் எல்லாம் அடுக்கித் தயாராக இருக்கிறது. அழைப்புப் பதிவுகளை அங்கே வரவழைப்பேன். அதற்கு அவசியம் வராது என்றே நினைக்கிறேன். நீங்கள் அழைத்தால் பேசுவேன். ஆனால் அழைக்கிறவருக்கு மலாவி ஏரி மீனுக்கும் அமேசான் மீனுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்கட்டும். அந்த ஊழியரை மட்டும் அழைக்க வைக்காதீர்கள்.

தொட்டி, ஃபில்டர், மிச்சமிருக்கும் பிளட் வார்ம், பாதிப் புட்டி மருந்து எல்லாம் பெட்டியில் கட்டி வைத்திருக்கிறேன், ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம். பிழைத்த மீன்கள் ஒரு நண்பரின் நான்கடித் தொட்டியில் இருக்கின்றன. "பொருளைத் திருப்பித் தந்தால்தான் பணம்" என்ற உங்கள் விதியைக் காட்டி அவற்றைக் கேட்டால் தரமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீதுகள், குறுஞ்செய்தியின் நகல், படங்கள், கையேட்டின் நகல்.