டொமாட்டில்லோ நாற்றை வீட்டுக்கு இரண்டாக வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்
வீட்டுத்தோட்டப் பயனாளி
(பெயர், முகவரி தனித்தாளில்)

பெறுநர்
உயர்திரு தோட்டக்கலை உதவி இயக்குநர் அவர்கள்

பொருள்: வீட்டுத்தோட்டத்துக்கான டொமாட்டில்லோ நாற்று – வீட்டுக்கு இரண்டு வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வீட்டுத்தோட்டத்துக்கென்று வழங்கப்பட்ட நாற்றுகளில் தக்காளி, கத்தரி, மிளகாயோடு டொமாட்டில்லோவும் (சொடக்குத் தக்காளி போல மெல்லிய மேலுறைக்குள் காய்க்கும் செடி) ஒன்று இருந்தது. ‘தக்காளி மாதிரி வளர்த்தால் போதும்’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். வளர்ப்பு அப்படித்தான்: நல்ல வெயில், தண்ணீர் தேங்காத மண், படரும் கிளைகளுக்கு முட்டு. காய்ப்புதான் வேறு. தக்காளிப் பூ தன் மகரந்தத்திலேயே காய் பிடித்துவிடும். மெக்சிகோவிலிருந்து வந்த இந்தச் செடிக்குத் தன் மகரந்தம் சேராது. வேறு விதையில் முளைத்த இன்னொரு டொமாட்டில்லோ அருகில் பூத்து, தேனீக்கள் இரண்டுக்கும் போய் வந்தால்தான் காய். பக்கத்தில் எத்தனை தக்காளி நின்றாலும் பயனில்லை. அதே செடியின் கிளையை ஒடித்து நட்டாலும் ஆகாது.

எனக்குக் கிடைத்த ஒற்றைச் செடி இடுப்பளவு வளர்ந்து, நடுவில் கரும்பழுப்புப் புள்ளியோடு மஞ்சளாகப் பூத்துத் தள்ளுகிறது. பூக்கள் காம்போடு உதிர்கின்றன. தப்பித்தவறி நிற்கும் மேலுறைக் கூட்டை நசுக்கினால் சொடக்குத் தக்காளி போல ‘டப்’ என்கிறது; உள்ளே வெறும் காற்று. உரம் போடு, மருந்து அடி என்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். மருந்தடித்தால் வருகிற தேனீயும் வராது.

ஆகவே, இனி வீட்டுக்கு இரண்டு நாற்றாக, இரண்டும் விதையிலிருந்து வளர்ந்தவையாக, வழங்க உத்தரவிட வேண்டுகிறேன். மூன்றடி இடைவெளியில் இரண்டு செடி வைக்க இடமில்லாத வீடுகளுக்கு இதைத் தராமலே விடலாம், தக்காளி போதும். ஏற்கெனவே ஒன்று வாங்கியவர்களுக்கு இன்னொன்று சீக்கிரம் கிடைத்தால், முதல் செடி பூவில் இருக்கும்போதே அது பூத்து இரண்டும் காய்க்கும்.

நாற்றோடு ஒரு துண்டுத்தாளும் வேண்டும். பெரும்பாலான ரகங்கள் தக்காளி போலச் சிவப்பதில்லை. காய் பச்சையாக இருக்கும்போதே, மேலுறை நிரம்பி வெடிக்கத் தொடங்கினால் பறிக்கலாம். உள்ளே தோலில் ஒட்டும் பிசுக்கு நோயல்ல, கழுவினால் போய்விடும். இலை, தண்டு, மேலுறை எதையும் உண்ணக்கூடாது. சிறுவர் உள்ள வீடுகளுக்காக இந்தக் கடைசி வரியைப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)