அடிப்பக்கம் எப்போதும் கீழே இருக்க வேண்டியதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மாணவர் பகுதியில் அடிப்படை வடிவங்களைப் பற்றி வெளிவந்த பாடத்தை வாசித்தேன். பக்கங்களை எண்ணி வடிவத்தின் பெயரைச் சொல்லும் முறை எளிய நடையில் விளக்கப்பட்டுள்ளது. படங்களும் தெளிவாக உள்ளன. ஆனால், ஒரு வடிவம் எந்தப் பக்கத்தின் மேல் நிற்கிறதோ அதுவே அதன் அடிப்பக்கம் என்று அதில் சொல்லியிருப்பதை அப்படியே விட்டுவிட முடியாது. அதை மனப்பாடம் செய்துகொள்ளும் மாணவர் பரப்பளவுக் கணக்குக்கு வந்ததும் தடுமாறுவார்.

முக்கோணத்தையே எடுத்துக்கொள்வோம். 3, 4, 5 செ.மீ. பக்கங்களைக் கொண்ட செங்கோண முக்கோணம் ஒன்றை அட்டையில் வெட்டி, ஒவ்வொரு பக்கத்தின் மேலும் மாற்றி மாற்றி நிறுத்தி, எதிர் முனை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளவுகோலால் அளந்து பார்க்கலாம். 3 செ.மீ. பக்கத்தின் மேல் நிறுத்தினால் உயரம் 4 செ.மீ.; 4 செ.மீ. பக்கத்தின் மேல் நிறுத்தினால் 3 செ.மீ.; நீளமான 5 செ.மீ. பக்கத்தின் மேல் நிறுத்தினாலோ 2.4 செ.மீ. மட்டுமே. மூன்று முறையும் அடிப்பக்கத்தை உயரத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் அதே 6 சதுர செ.மீ. கிடைக்கும். ஆகவே, முக்கோணத்தின் எந்தப் பக்கத்தையும் அடிப்பக்கமாகக் கொள்ளலாம். அதற்குச் செங்குத்தான உயரத்தை எடுத்துக்கொள்கிறோமா என்பதே முக்கியம். இருசமபக்க முக்கோணத்தில் மட்டும் சமமாக இல்லாத மூன்றாவது பக்கத்தை அடிப்பக்கம் என்று அழைப்பது வழக்கம். அந்த முக்கோணத்தைத் தலைகீழாக வரைந்து அப்பக்கம் மேலே போய்விட்டாலும் அந்தப் பெயர் மாறுவதில்லை.

சரிவகத்தில் நிலைமை வேறு. அங்கே ஒன்றுக்கொன்று இணையாக உள்ள இரண்டு பக்கங்களுமே அடிப்பக்கங்கள். பரப்பளவு காண அவ்விரண்டையும் கூட்டித்தான் உயரத்தின் பாதியால் பெருக்குகிறோம். அந்த இணைப் பக்கங்கள் இடமும் வலமுமாக நிற்கும்படி படத்தைத் திருப்பிவிட்டால், கீழே இருக்கும் சாய்ந்த பக்கத்தை அடிப்பக்கம் என்று எண்ணிப் பிழையான விடை எழுதும் மாணவரைக் குறை சொல்வதற்கில்லை, ஏனெனில் பாடம் அவருக்குச் சொன்னது அதுதான்.

கன உருவங்களுக்கு வரும்போது இந்தக் குழப்பம் இன்னும் கூடுகிறது. முக்கோணப் பட்டகத்துக்கும் சதுர அடிப்பாகம் கொண்ட பிரமிடுக்கும் ஐந்தைந்து முகங்கள் இருப்பதால், முகங்களை எண்ணி மட்டும் இரண்டையும் பிரித்தறிய இயலாது. பட்டகத்தில் ஒன்றுக்கொன்று இணையான, சர்வசமமான இரண்டு முக்கோணங்கள் அடிப்பாகங்களாக உள்ளன; பிரமிடில் அடிப்பாகம் ஒன்றே, மற்ற நான்கு முகங்களும் முக்கோணங்களாகி ஓர் உச்சியில் கூடுகின்றன. கூடாரம் தரையைத் தொடுவது செவ்வக முகத்தால்தான் என்றாலும், அதன் அடிப்பாகங்கள் முன்னும் பின்னும் உள்ள முக்கோணங்களே. படுக்க வைத்த உருளைக்கும் இதே விதி பொருந்தும்.

பயிற்சிப் பகுதியில், ஒரு முனையில் நிற்கும் சதுரத்தின் படத்துக்குச் 'சாய்சதுரம்' என்று மட்டும் விடை தரப்பட்டிருக்கிறது. நான்கு பக்கங்களும் சமமாக இருப்பதால் அந்த விடை தவறன்று. ஆனால் நான்கு கோணங்களும் செங்கோணங்களாக இருக்கும்போது அதைச் சதுரம் என்று சொல்லாமல் விடுவது பாதி விடை மட்டுமே. முக்கோணத்தின் மூன்று பக்க நீளங்கள் தெரிந்தால் அதன் வடிவம் முழுவதும் உறுதியாகிவிடும். நாற்கரத்துக்கு அது போதாது. நான்கு சம நீளக் குச்சிகளை முனைகளில் தளர்வாகக் கட்டி அழுத்தினால் சதுரம் சாய்ந்து வேறொரு சாய்சதுரமாகும், பக்கங்களோ மாறாமலே இருக்கும். நாற்கரங்களைப் பக்கங்களால் மட்டுமே அறியலாம் என்ற எண்ணத்தைப் பாடம் தந்துவிடக் கூடாது.

நெதர்லாந்தைச் சேர்ந்த வான் ஹீலே தம்பதியர் 1957-இல் தங்கள் ஆய்வுகளில் வடிவியல் சிந்தனையைப் படிநிலைகளாகப் பிரித்துக் காட்டினர். வடிவத்தை அதன் ஒட்டுமொத்தத் தோற்றத்தால் அடையாளம் காண்பது அதில் முதல் நிலை. பக்கம், கோணம் ஆகிய பண்புகளால் அறிவது அடுத்த நிலை. எல்லா முக்கோணங்களையும் ஒரே மாதிரி நேராக நிறுத்தி அச்சிடும் பாடம் குழந்தையை முதல் நிலையிலேயே நிறுத்தி வைக்கும் என்பது என் கருத்து.

ஆகவே, அடுத்த இதழில் அடிப்பக்கத்துக்கான விளக்கத்தைத் திருத்தி, சாய்த்தும் தலைகீழாகவும் வரைந்த சில படங்களைச் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பயிற்சியின் அந்த விடையில் 'சதுரம்' என்பதையும் சேர்த்துவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் இதழின் நெடுநாள் வாசகர்