கார்சன் மேன்ஷன் கதையில விட்டுப்போன 1885

ஆசிரியர் சார், வணக்கம்.

கலிபோர்னியாவுல யுரேக்கா ஊர்ல, மரக்கம்பெனி முதலாளி வில்லியம் கார்சன் கட்டுன கார்சன் மேன்ஷன்ங்கற வீட்டைப் பத்தி போன இதழ்ல வந்த கட்டுரை படிச்சேன். போட்டோ எல்லாம் அருமை, கோபுரம், பால்கனி, ஒரு இன்ச் விடாம மரவேலைப்பாடுன்னு கண்ணை எடுக்க முடியல. ஆனா மொத்தமா படிச்சு முடிச்சா கல்யாண ஆல்பம் புரட்டுன மாதிரி இருக்கு, எல்லாரும் சிரிச்சுக்கிட்டே நிக்கறாங்க.

முதல்ல ஒரு திருத்தம். உள்ள போய் சுத்திப் பாக்கலாம்னு எழுதியிருக்கீங்க, அது நடக்காது. 1950ல அது குடும்பத்து கையை விட்டுப் போச்சு, அப்போலேர்ந்து இங்கோமர் கிளப்னு ஒரு தனியார் கிளப் தான், மெம்பரா இருக்கணும் இல்லன்னா மெம்பர் கூட்டிட்டுப் போகணும், மத்தவங்க ரோட்டுல நின்னு போட்டோ எடுத்துட்டு வர வேண்டியது தான். இப்படி வேற ஒரு மரக்கம்பெனி முதலாளி வீட்டுக்குள்ள போய்ப் பாக்கணும்னா மிச்சிகன்ல மஸ்கீகன் போகலாம், ஹாக்லிங்கற முதலாளி வீடும் பக்கத்துலயே அவரோட பார்ட்னர் ஹ்யூம் வீடும் மியூசியமா இருக்கு.

வில்லியம் கார்சன் கனடாவுலேர்ந்து தங்கம் தேடி வந்தவர், ஆனா பணம் பாத்தது ரெட்வுட் மரத்துல. அவரோட பார்ட்னர் ஜான் டால்பீர் பேரைக்கூட கட்டுரைல காணோம்! மாடு பூட்டி இழுத்துக்கிட்டிருந்த ராட்சச மரத்தை நீராவி எஞ்சின்ல கயிறு சுத்தி இழுக்கற 'ஸ்டீம் டாங்கி'யை 1881ல கண்டுபிடிச்சவர் அவர் தான், அது வந்தப்புறம் காடு காலியான வேகமே வேற.

நான் எழுத வந்த விஷயம் இது தான். வீடு கட்டுனது 1884லேர்ந்து 1886 வரைக்கும், மர வியாபாரம் படுத்துக் கிடந்த நேரம், வேலையாளுங்களை வீட்டுக்கு அனுப்பாம நூறு பேருக்கு மேல இந்த வீட்டு வேலைல போட்டார்னு காலங்காலமா சொல்றாங்க, நீங்களும் அதை ரெண்டு பாரா எழுதியிருக்கீங்க. சரி. ஆனா அதே ஊர்ல 1885 பிப்ரவரில என்ன நடந்துச்சு? ரெண்டு சீனர்களுக்குள்ள நடந்த துப்பாக்கிச் சண்டைல அந்தப் பக்கமா போன நகரசபை உறுப்பினர் ஒருத்தர் குண்டு பட்டு செத்துட்டார், உடனே ஊரே கூட்டம் போட்டு, தூக்குமரம் நட்டு மிரட்டி, அந்த சம்பவத்துக்கு எந்த சம்பந்தமும் இல்லாத சீனக் குடும்பங்க உட்பட 300 பேருக்கு மேல ரெண்டு நாளுக்குள்ள ரெண்டு கப்பல்ல ஏத்தி சான்பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பிட்டாங்க. துரத்தப்பட்ட சீனர்கள் போட்ட நஷ்டஈடு கேஸும் கோர்ட்ல நிக்கல. அவங்க குடியிருந்த சைனாடவுன் இருந்த இடம் இந்த வீட்டுலேர்ந்து சில தெரு தள்ளி தான், அப்போ இங்க சுத்தியல் சத்தம் கேட்டுக்கிட்டு தான் இருந்திருக்கும்.

கார்சன் இதை பண்ணார்னு நான் சொல்லல, அதுக்கு ஆதாரம் எதுவும் நான் பாக்கலை. ஆனா 'ஊருக்கே வேலை குடுத்த வீடு'ன்னு தலைப்பு வெக்கறப்ப ஊர்னா யாரு யாருன்னு ஒரு வரியாவது வேணாமா? பழைய சைனாடவுன் சந்து ஒண்ணுக்கு இப்போ 'சார்லி மூன்'னு பேர் வெச்சிருக்காங்க, மத்தவங்க மாதிரி போகாம அந்தப் பக்கமே தங்கிட்ட ஒரு சீனர் அவர். யுரேக்காவே இதை எழுத ஆரம்பிச்சாச்சு சார்.

அடுத்த இதழ்ல எதிர்ல இருக்கற 'பிங்க் லேடி' வீடு வருதுன்னு போட்டிருக்கீங்க, 1889ல மகன் மில்டன் கல்யாணத்துக்கு கார்சன் கட்டிக் குடுத்தது. அதுல ஒரு பாக்ஸ் செய்தியாவாவது இதைச் சேர்த்துடுங்க.

இப்படிக்கு,
உங்க வாசகர் ஒருத்தர்