கூறு என்ன விலை?

அம்மா,

நாளை உனக்கு முதல் வருடத் திவசம். அண்ணன் வீட்டில்தான். மாத இறுதியில் நான் இந்த இரண்டாவது மாடியைக் காலி செய்கிறேன். தண்டையார்பேட்டையிலேயே தரைத்தளத்தில் ஒரு வீடு கிடைத்துவிட்டது. நீ இருக்கும்போதே பார்த்திருக்க வேண்டியது. ஏன் பார்க்கவில்லை என்பது உனக்குத் தெரியும். உறவுக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அட்வான்ஸ் பணக் கதையை எழுதவில்லை.

காசிமேட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை. கூடைக்குக் கூடை நின்றாய். "கூறு என்ன விலை?" சங்கராவுக்குக் கேட்டாய், நெத்திலிக்குக் கேட்டாய், நம் வீட்டில் யாரும் தொடாத திருக்கைக்கும் கேட்டாய். ஒன்றும் வாங்கவில்லை. "விலை கேட்கவே வருகிறாயா அக்கா?" என்று மீன்கார அம்மா சிரித்ததும் எனக்கு மானம் போயிற்று. "வாங்கவும் மாட்டாய், நகரவும் மாட்டாய்" என்று எல்லார் எதிரிலும் கத்தி, உன் கையைப் பிடித்து இழுத்தேன். நாலு எட்டு வந்தாய். விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, அடுப்பு ஊதுகிறவளைப்போல உதட்டைக் குவித்து நின்றாய். கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஆறு நிமிடம் நடக்கவிட்டு, மூச்சுத்திணறல் பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டார்கள். மூன்று என்றாய். வழியில் நான்கு முறை நின்றவள்! விரலில் மாட்டிய கருவி 94 காட்டியது. ரத்தத்தில் ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தாலும் மூச்சு முட்டும், அது எவ்வளவு என்று நோயாளிதான் சொல்ல வேண்டும் என்றார் மருத்துவர். உன்னிடமா கேட்பது? ஆனால் பொய்யும் இல்லையோ என்னவோ. மொட்டைமாடியில் துணி உலர்த்துவதை விட்டாய், குனிந்து கோலம் போடுவதை விட்டாய், பேச்சைக்கூடச் சுருக்கினாய். மிச்சமிருந்த வாழ்க்கைக்கு மூன்று சரியாகத்தான் இருந்திருக்கும்.

ஜன்னல் கட்டையில் இரு கைகளையும் ஊன்றிக் குனிந்து நிற்பாயே, தெருவை வேடிக்கை பார்க்கிறாய் என்று திட்டியிருக்கிறேன். கை ஊன்றினால் தோள், கழுத்துத் தசைகளும் மூச்சிழுக்கத் துணைக்கு வருமாம். பனையோலை விசிறியை முகத்தருகே வைத்துக்கொள்வாய். கன்னத்திலும் மூக்கிலும் குளிர்ந்த காற்று பட்டால் திணறல் தணியும் என்று பயிற்சி கொடுக்க வந்த பெண் பெரிய ரகசியம்போலச் சொன்னாள். நீ விசிறிக்கொண்டே தலையாட்டினாய்.

பீடி, சிகரெட் தொட்டதில்லை. இருபது வருடம் விறகடுப்பில் இட்லி அவித்தாய். அந்தப் புகைக்கும் நுரையீரல் அப்படித்தான் கெடும் என்றார்கள். அந்தப் புகையில்தான் எங்கள் படிப்பும் வந்தது. இதை அறிந்துகொண்டு நான் என்ன செய்வது, சொல். ஒரு வார்த்தை, "மூச்சு வாங்குகிறது" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேனா? என்னைக் கெட்டவளாக்கிவிட்டுப் போய்விட்டாய்.

2023 டிசம்பரில் எண்ணூரில் அமோனியா கசிந்து, ஜனங்கள் நள்ளிரவில் மூச்சடைத்து ஓடியதைத் தொலைக்காட்சியில் பார்த்து, "அவர்களுக்காவது உடனே தெரிந்தது" என்றாய். எனக்கு அன்றைக்கும் உறைக்கவில்லை.

போன ஞாயிறு காசிமேட்டுக்குப் போனேன். அதே அம்மா. "விலை கேட்கிற அக்கா எங்கே?" என்றார். கீழே குனிந்து, கூறு என்ன விலை என்றேன். சொன்ன விலைக்கே வாங்கிவிட்டேன். திருக்கை. உனக்குத் தெரிந்தால் தோலை உரித்திருப்பாய்.