நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதின்வயசுப் பிள்ளைகளின் பெற்றோருக்கென்று சேலத்தில் நடக்கும் விழிப்புணர்வுக் கூட்டங்கள் பெரும்பாலும் ஒரே அச்சுதான். குத்துவிளக்கு, பொன்னாடை, மைக். ஒருவர் முக்கால் மணி நேரம் பேசுவார், இருநூறு பேர் கேட்பார்கள். கடைசியில் “சந்தேகம் இருந்தா கேளுங்க” என்பார்கள். பையன் மூன்று ராத்திரியாக வீடு தங்கவில்லை என்பதை அத்தனை பேர் முன்னால் எந்த அம்மா எழுந்து நின்று கேட்பார்?

அதைக் கேட்கத் தோதான கூட்டத்துக்கு மேடை வேண்டாம், பத்து நாற்காலி போதும். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக 1951-ல் அமெரிக்காவில் தொடங்கிய அல்-அனான் இந்த வழியில்தான் நடக்கிறது. பேசுபவரும் கேட்பவரும் ஒரே பாடு படுகிறவர்கள். அங்கே கேட்டது வாசலைத் தாண்டக்கூடாது. நம் ஊரில் வார்டுக்கு ஒன்று நடத்த முடியும். ஆனால் சில விவரங்கள் பிசகினால் மூன்றாவது மாதமே கலைந்துவிடும்.

8 முதல் 12 பேர் சரியான அளவு. அதற்குக் குறைந்தால், இரண்டு பேர் வராத நாளில் கூட்டமே இல்லை. கூடினால் எல்லோருக்கும் முறை வராது. மொத்தம் ஒன்றரை மணி நேரம். ஆளுக்கு 4 நிமிடம் என்றால் பத்துப் பேருக்கு 40 நிமிடம். அடுத்த அரை மணி, அன்றைக்கு நெருக்கடியில் இருக்கும் ஒரே ஒரு வீட்டுக்கு. மிச்சம் 20 நிமிடம், அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு வீட்டிலும் செய்யப்போகும் ஒரே ஒரு மாற்றத்துக்கு. சுவர்க் கடிகாரம் எல்லோர் கண்ணிலும் பட வேண்டும். நேரமாகிவிட்டது என்று ஆள் சொன்னால் முகம் சுருங்கும், கடிகாரம் சொன்னால் யாருக்கும் வருத்தமில்லை. நடத்த இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் நேரத்தைப் பார்க்க, மற்றவர் வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்க.

பேச்சுக்கு ஒரே விதி: நடந்ததைச் சொல்ல வேண்டும், பிள்ளைக்குப் பட்டம் கட்டக்கூடாது. “அவன் தறிகெட்டுப் போயிட்டானுங்க” என்பதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. (தறி ஓடும் ஊரில் இந்தச் சொல் சட்டென்று வாயில் வந்துவிடுகிறது.) “புதன்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு வந்தான், சாப்பிடலை, சட்டையில சிகரெட் வாடை, கேட்டதுக்குக் கதவைச் சாத்திக்கிட்டான்” என்றால் பிடி கிடைக்கிறது. ஏன் புதன்கிழமை, யாரோடு போனான், காசு எங்கிருந்து வந்தது என்று அடுத்த கேள்விகள் தாமாக வரும்.

கூட்டத்தைக் கெடுப்பவை மூன்று நான்கு உண்டு. முதலாவது அறிவுரை. “எங்க வீட்டுல ஒரு அறை விட்டேன், அன்னையோட சரியாப் போச்சு” என்று பக்கத்து நாற்காலி சொன்னால், பேசிக்கொண்டிருந்தவர் அடுத்த மாதம் வரமாட்டார். கேட்டால் மட்டுமே யோசனை சொல்ல வேண்டும். இரண்டாவது மார்க். யார் வீட்டுப் பிள்ளை எவ்வளவு எடுத்தது என்ற பேச்சு தொடங்கிய நிமிடமே மற்றவர்கள் பொய் சொல்லத் தொடங்குவார்கள். அடுத்தது வாட்ஸ்அப். குழு தேதியும் இடமும் அறிவிக்க மட்டும் இருக்கட்டும். நிர்வாகி தவிர யாரும் எழுத முடியாதபடி அமைத்துவிடுவது நல்லது. நள்ளிரவில் ஒரு தாய் அழுது அனுப்பும் குரல்பதிவு, காலையில் அதே பிள்ளையின் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பரிகாரம் சொல்கிறவர், டியூஷன் சென்டர் அட்டை கொடுக்கிறவர் இருவரையும் வாசலிலேயே நிறுத்திவிடலாம்.

மாற்றம் ஒன்று என்பதில் கறாராக இருக்க வேண்டும். ஒரே நாளில் போன், பைக், சிநேகிதம், படிப்பு எல்லாவற்றையும் திருத்தக் கிளம்பும் வீட்டில் எதுவும் திருந்தாது. ராத்திரி 10 மணிக்கு மேல் போன் கூடத்தில் சார்ஜில் இருக்கும் என்று ஒரு விதி போடலாம். அப்பாவின் போன் தலையணைக்கு அடியில் இருந்தால் அந்த விதி இரண்டே நாளில் உடையும். கோபத்தில் போனைத் தரையில் அடிப்பது அதைவிட மோசம். பிள்ளை கடன் வாங்கி இன்னொன்று வாங்குவான், அது வீட்டுக்குத் தெரியாது. பாட்டி ரகசியமாக நூறு ரூபாய் தருகிற வீட்டில், பாட்டியையும் கேட்டுக்கொண்டே விதி போட வேண்டும். பைக் சாவிக்குப் பேரமே கிடையாது. 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி, 18 நிரம்பாத பிள்ளை ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு.

வெளியூர்ப் புத்திமதி இங்கே எடுபடாத இடமும் இருக்கிறது. “கைக்காசை நிறுத்துங்கள்” என்பார்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்கும், அம்மாபேட்டையில் தறிக்கும் போகும் பதினாறு வயசுப் பையன் தானே கூலி வாங்குகிறான், நிறுத்த என்ன இருக்கிறது? அந்த வீட்டில் கூலியில் எவ்வளவு வீட்டுக்கு, எவ்வளவு அவனுக்கு என்று உட்கார்ந்து பேசுவதே முதல் மாற்றம். அப்பாக்கள் வர வேண்டுமென்றால் தறிக்கும் பட்டறைக்கும் என்றைக்கு லீவு என்று கேட்டுவிட்டு நாள் குறியுங்கள். அம்மா மட்டும் வந்து எடுத்துப்போகும் முடிவு வீட்டு நடையிலேயே செத்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் கூட்டம் வேண்டாம், டி.சி. பயம் இருக்கும். ஆஸ்பத்திரியிலும் வேண்டாம், யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயம் இருக்கும். நூலகத்து மாடி, வார்டு சமுதாயக் கூடம் போதும். ஏற்காட்டுக்குத் தனிக் கூட்டம் தேவை. எஸ்டேட் வேலை முடிந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து, கூட்டம் முடிந்து திரும்ப ஏறிப்போக யாராலும் ஆகாது. அங்குள்ள விடுதிப் பள்ளிகளில் படிப்பவர்களின் பெற்றோர் வெளியூர்க்காரர்கள். பிள்ளையைப் பார்க்க வரும் நாளில் வைத்தால்தான் வருவார்கள்.

ரகசியத்துக்கு எல்லை உண்டு என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், 2012 போக்சோ சட்டப்படி போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். சாகப்போகிறேன் என்ற பேச்சோ கையில் கீறலோ இருந்தால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்கக்கூடாது. “செத்துப்போகணும்னு தோணுதாப்பா?” என்று நேராகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. பூச்சிமருந்தும் மாத்திரை டப்பாவும் பூட்டுக்குள் போகட்டும், பிள்ளை தனியாக இருக்க வேண்டாம். அன்றைக்கே மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போக வேண்டும். 14416 என்ற மனநல உதவி எண்ணில் இரவு பகலாகத் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள். சிக்கலில் மாட்டிய சிறுவர்களின் படத்தை மங்கலாக்கிவிட்டுப் பள்ளியின் பெயரையும் தெருவையும் பத்திரிகைகள் அச்சிடுவது உண்டு. ஊருக்கு அதுவே போதும், யாரென்று கண்டுபிடித்துவிடும். சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆம் பிரிவு அதையும் தடுக்கிறது. மற்றொன்று, “இன்றைய நிகழ்ச்சிகள்” பகுதியில் இந்தக் கூட்டங்களைப் போடும்போது “பெற்றோர் சந்திப்பு” என்று மட்டும் போடுங்கள். “பிரச்சினைப் பிள்ளைகளின் பெற்றோர்” என்று அச்சிட்டால் நாற்காலிகள் காலியாகவே கிடக்கும்.

இப்படிக்கு,
பெற்றோர் வட்டங்களை நடத்துவோர் சிலர்,
சேலம்.