உரத்தை மட்டும் கூட்டினால் போதுமா?

ஆசிரியருக்கு,

உருளைக்கிழங்கு விளைச்சல் குறைந்தால் உடனே உரத்தைக் கூட்டச் சொல்கிறார்கள், மண்ணுக்குள் இருக்கும் பாக்டீரியாவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு கிராம் மண்ணிலேயே கோடிக்கணக்கில் இருக்கும் அவற்றில் பலவும் வேர் கசியவிடும் சர்க்கரையையும் அமிலங்களையும் தின்று வாழ்பவை. வருடா வருடம் உருளைக்கிழங்கையே நட்டால் ஒரே மாதிரி கசிவு, ஒரே மாதிரி சாப்பாடு. அதற்குப் பழகிய சில வகைகள் பெருகி மற்றவை மெல்ல ஒதுங்கிவிடும். கிழங்கின் தோலில் தக்கை மாதிரி சொரசொரப்பாகப் புண் வருகிறதே, அந்தச் சொறி நோய் ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனத்துப் பாக்டீரியாவின் வேலை (மழை பெய்ததும் வரும் மண்வாசனையும் பெரும்பாலும் இதே கூட்டத்தால்தான், அது வேறு கதை). நடுவில் தானியமோ பயறோ போட்டாலும் சொறி அடியோடு போகாது, பல வருடம் மண்ணில் கிடக்கும். ஆனால் மற்ற பாக்டீரியாக்களுக்கும் தீனி கிடைக்குமே. விளைச்சல் பற்றி அடுத்த முறை எழுதும்போது இதையும் கொஞ்சம் சேர்த்து எழுதுங்கள்.

- ஒரு வாசகர்